பதினைந்தில் இருவர்

மதுரையில் நேதாஜி ரோடு இருக்கிறது. செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் போனால் காதுகுத்து பிளக்ஸில்கூட போஸ் நிற்பார்: ராணுவத் தொப்பி, வட்டக் கண்ணாடி, விறைப்பான சல்யூட். அந்த உடுப்பு 1943இல் சிங்கப்பூரில் மாட்டியது. 1939 செப்டம்பர் 6ஆம் தேதி மதுரைக்கு வந்தவர் கதர்க்காரர், சுபாஷ் பாபு. ‘நேதாஜி’ என்ற பெயர் அப்போது அவருக்குக் கிடையாது. அன்றைக்குக் காங்கிரஸில் எந்தப் பதவியும் அவர் கையில் இல்லை. மூன்று ஆண்டுக்கு எந்தத் தேர்தல் பதவியும் வகிக்கக் கூடாது என்று காரியக் கமிட்டி தடை போட்டு நாலு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி நம்ம பக்கத்தில் விடிய விடியப் பேசுவார்கள். அதற்கு முந்தைய கதை மட்டும் “காந்தி போஸை வெளியே தள்ளிட்டாரு” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரி முழுப் பொய்யில்லை. எப்படித் தள்ளினார்கள் என்பதுதான் அதில் இல்லை. 1,580 ஓட்டு வாங்கி ஜெயித்த தலைவர் சரியாக மூன்றே மாதத்தில் தன் கையாலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அவரை யாரும் நீக்கவில்லை. அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம்கூடக் கொண்டு வரவில்லை. ஒரு கட்சித் தலைவரைப் பதவியில் உட்கார வைத்தே முடக்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் துப்புரவான பாடம் நம் அரசியல் வரலாற்றில் கிடையாது.

முதலில் அமைப்பு எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். அடியில் நாலணாச் சந்தா கட்டும் உறுப்பினர்கள். அவர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பிரதிநிதிகள் அவரவர் மாகாணத்திலேயே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதே பிரதிநிதிகள் தங்களுக்குள் எட்டில் ஒரு பங்கு ஆட்களை அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக்கு அனுப்புவார்கள். ஆண்டு மாநாட்டில் அந்தக் கமிட்டிதான் விஷயாலோசனைக் கமிட்டியாக உட்காரும். எந்தத் தீர்மானமும் அங்கே தேறித்தான் பந்தலுக்கு வர வேண்டும். தலைவர் தன் விருப்பப்படி 14 பேரைப் பொறுக்கி, தன்னையும் சேர்த்து 15 பேர் கொண்ட காரியக் கமிட்டி அமைப்பார். பொருளாளரும் பொதுச் செயலாளரும் அந்த 14க்குள் அடக்கம்.

ஆக, தலைவருக்கென்று தனியாக இருந்த ஒரே ஆயுதம் அந்த 14 பேரை நியமிக்கும் உரிமை. மற்றதெல்லாம் கமிட்டி வழியாகத்தான். அதிலும் 1937க்குப் பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. எட்டு மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் வந்துவிட்டன. அந்த மந்திரிகளை மேய்த்தது பட்டேல், ஆசாத், ராஜேந்திர பிரசாத் மூவரும் இருந்த பார்லிமெண்டரி சப் கமிட்டி. போலீசும் பட்ஜெட்டும் யாரிடம் இருந்தன என்று பார்த்தால், தலைவர் அந்தப் பட்டியலிலேயே வர மாட்டார்.

1938இல் ஹரிபுராவில் போஸ் போட்டியின்றித் தலைவரானார். தேசியத் திட்டக் குழுவை அமைத்து நேருவை அதற்குத் தலைவராக்கினார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் சமஷ்டித் திட்டத்தை, அதாவது கூட்டாட்சித் திட்டத்தை, எந்தச் சமரசமும் இல்லாமல் எதிர்க்க வேண்டும், ஐரோப்பாவில் யுத்தம் வரும்போது பிரிட்டனுக்குக் கெடு வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். மந்திரிசபைகள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பழைய தலைவர்களுக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. ஒரு வருடம் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறையும் அவரே நிற்கப் போகிறார் என்றதும்தான் விவகாரம் முற்றியது.

ஆசாத் பெயரை முன்வைத்தார்கள், அவர் விலகிக்கொண்டார். பிறகு ஆந்திரத் தலைவர் பட்டாபி சீதாராமய்யா. 1939 ஜனவரி 24ஆம் தேதி பட்டேல் உள்ளிட்ட ஏழு காரியக் கமிட்டி உறுப்பினர்கள் பர்தோலியிலிருந்து அறிக்கை விட்டார்கள், போஸ் போட்டியிடாமல் ஒதுங்க வேண்டும் என்று. தலைவர்களில் சிலர் சமஷ்டி விஷயத்தில் வெள்ளையரோடு சமரசத்துக்குத் தயாராகிறார்கள் என்று போஸ் எழுதினார். இதுதான் அவருடைய முதல் தப்பு. சந்தேகத்துக்கு இடம் இருந்திருக்கலாம். கையில் ஆதாரம் இல்லை. பின்னால் எல்லாப் பேரத்திலும் எதிர்த்தரப்பு இந்த வாக்கியத்தையே எடுத்து முன்னால் போட்டது.

ஜனவரி 29 தேர்தலில் போஸுக்கு 1,580, பட்டாபிக்கு 1,377. வித்தியாசம் 203. வங்காளம் அவரை அள்ளிக்கொண்டு வந்தது. ராஜாஜி பிரதமராக (மாகாண முதல்வருக்கு அன்றைக்கு அதுதான் பெயர்) இருந்த சென்னை மாகாணத்திலேகூடத் தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் போஸ் பக்கம் சாய்ந்தார்கள். பட்டாபியின் தோல்வி அவருடையதைவிட என்னுடைய தோல்வி என்று காந்தி அறிக்கை விட்டார். ஓட்டு எண்ணிக்கையின் அர்த்தமே அதோடு மாறிப்போனது. அதுவரை போஸா பட்டாபியா என்பது கேள்வி. இனிமேல் காந்தியா இல்லையா என்பது கேள்வி. அந்தக் கேள்விக்கு அந்த 1,580 பேரில் எத்தனை பேர் போஸ் பக்கம் நிற்பார்கள் என்று போஸின் ஆட்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 22ஆம் தேதி வார்தாவில் காரியக் கமிட்டிக் கூட்டம். போஸுக்குக் கடும் காய்ச்சல், வர முடியவில்லை. கூட்டத்தை மாநாடு வரை தள்ளிவைக்கும்படி பட்டேலுக்குத் தந்தி கொடுத்தார். வழக்கமான அலுவலைக்கூட நாங்கள் பார்க்கக் கூடாது என்றால் எங்கள்மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே பொருள் என்று 12 பேர் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். பட்டேல், ஆசாத், ராஜேந்திர பிரசாத், சரோஜினி நாயுடு, புலாபாய் தேசாய், பட்டாபி, சங்கர்ராவ் தேவ், ஹரேகிருஷ்ண மேதாப், கிருபளானி, கான் அப்துல் கஃபார் கான், ஜெய்ராம்தாஸ் தௌலத்ராம், ஜம்னாலால் பஜாஜ். நேரு இந்தக் கூட்டு ராஜினாமாவில் கையெழுத்துப் போடவில்லை. தனியாக ஒரு அறிக்கை விட்டு அவரும் ஒதுங்கினார். பதினைந்தில் மிஞ்சியது சுபாஷும் அவர் அண்ணன் சரத்தும்.

இந்தப் பட்டியலில் இரண்டு பேரைக் கவனிக்க வேண்டும். பஜாஜ் பொருளாளர். கிருபளானி பொதுச் செயலாளர். கட்சியின் பணமும் தபாலும் யார் மேஜை வழியாகப் போயினவோ அந்த இருவரும் எழுந்து போய்விட்டார்கள். கட்சி உடையும்போது பிரபலமானவர்கள் யார் பக்கம் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருப்போம். பொருளாளர் யார் பக்கம் என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மார்ச் மாதம் ஜபல்பூர் பக்கத்தில் திரிபுரியில் 52ஆவது மாநாடு. 52 யானை பூட்டி ஊர்வலம் வைத்தார்கள். ரதத்தில் தலைவர் இல்லை, அவர் படம் இருந்தது. தலைவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். காந்தியும் அங்கே இல்லை. ராஜ்கோட் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டு அந்த ஊரிலேயே இருந்தார். வராத ஒருவரை மையமாக வைத்துத்தான் எல்லாம் நடந்தது.

ஐக்கிய மாகாணப் பிரதமர் கோவிந்த வல்லப பந்த் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நீளமான தீர்மானம். காந்தியின் அடிப்படைக் கொள்கைகளில் உறுதி, பழைய காரியக் கமிட்டியின்மேல் நம்பிக்கை, அவர்கள்மேல் பழி சொன்னதற்கு வருத்தம் என்று போகும். வேலை செய்யும் வரி கடைசியில்தான்: காந்தியின் விருப்பத்துக்கு இணங்கக் காரியக் கமிட்டியை நியமிக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறது. தலைவரின் ஒரே ஆயுதம் அந்த நியமன உரிமை என்று மேலே சொன்னேன். அதைப் பிடுங்கவில்லை, நாலணா உறுப்பினர்கூட இல்லாத ஒருவரின் விருப்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். காந்தி 1934லேயே காங்கிரஸ் உறுப்பினர் பதவியை விட்டவர்.

விதிப்படி பார்த்தால் அது செல்லாது என்று தள்ள இடம் இருந்தது. விதிப் புத்தகம் தலைவருக்குக் கொடுத்த உரிமையை ஒரு தீர்மானம் குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் விதியைத் திருத்த வேண்டும். விஷயாலோசனைக் கமிட்டியின் தலைமை நாற்காலி போஸுடையது. அவர் தள்ளவில்லை, விவாதத்துக்கு விட்டார். தள்ளியிருந்தால் ஓட்டுக்குப் பயந்தவர் என்ற பெயர் வரும், விட்டால் தோல்வி வரும். ஜனநாயகப் பெருந்தன்மை என்று சிலர் இதை எழுதுவார்கள். எனக்கு அது நடைமுறைக் கோளாறாகத்தான் படுகிறது. தலைவர் அவை விதியை எடுத்துப் பேச வேண்டிய இடம் ஒன்றே ஒன்று இருந்தது, அது அதுதான்.

ராஜாஜி பந்த் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். நர்மதையில் இரண்டு படகு நிற்கிறது; ஒன்று பழையது, பெரியது, காந்தி ஓட்டுவது; இன்னொன்று புதிது, வர்ணமும் கொடியுமாய்ப் பார்க்க அழகு, ஆனால் ஓட்டை; ஆறு ஆழம், யோசித்து ஏறுங்கள் என்ற பொருளில் போனது பேச்சு. சேலத்து வக்கீலின் பேச்சு. எதிர்த்தரப்பின் கொள்கையைத் தொடவே இல்லை. பயத்தை மட்டும் தொட்டது.

போஸுக்கு ஓட்டுப் போட்ட காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி, காங்கிரஸுக்குள்ளேயே இருந்த இடதுசாரி அணி, இந்தத் தீர்மானத்தில் நடுநிலை வகித்தது. வங்காளத்துக்கு வெளியே அவருடைய பலத்தில் பெரும்பகுதி அவர்கள்தான். காங்கிரஸ் பிளவுபடக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். தேர்தல் முடிந்து மாநாடு வரை ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதில் போஸ் பாதி நாள் படுக்கையில். அவர் தரப்பில் சோஷலிஸ்டுகளோடு உட்கார்ந்து காரியக் கமிட்டிப் பட்டியலை முன்கூட்டியே பேசி முடித்தவர் யாருமில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஜனவரியில் மாகாண அலுவலகத்தில் தனித்தனியே சீட்டுப் போட்டவர்கள், மார்ச்சில் பந்தலில் எல்லோர் கண் முன்னாலும் கை தூக்க வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்கக் கடிதம். தன்பாத் பக்கம் ஜாமாடோபாவில் அண்ணன் வீட்டில் ஓய்வெடுத்தபடி போஸ் காந்திக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அவர் முன்னால் நாலு வழி இருந்தது. தன் ஆட்களை மட்டும் வைத்துக் கமிட்டி அமைப்பது முதல் வழி. உரிமை இருந்தது, ஆனால் திரிபுரித் தீர்மானத்தை மீறியவர் ஆவார், எட்டு மந்திரிசபையும் அந்தக் கமிட்டியின் கடுதாசியைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்காது. பழைய 12 பேரை அப்படியே திரும்ப நியமித்தால், தேர்தலில் நின்றதற்கே அர்த்தமில்லை. இரண்டு தரப்பும் பாதிக்குப் பாதி கலந்து அமைக்கலாம் என்றால், கலப்புக் கமிட்டி வேலைக்கு ஆகாது, கருத்து ஒத்தவர்களே ஒரு கமிட்டியில் இருக்க வேண்டும் என்றார் காந்தி. சரி, தீர்மானம் சொல்கிறபடி நீங்களே பெயர்களைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, உங்கள்மேல் நான் பெயர்களைத் திணிக்க மாட்டேன், உங்களுக்கு விருப்பமான கமிட்டியை நீங்களே அமையுங்கள் என்று பதில் வந்தது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காந்தியின் விருப்பப்படிதான் அமைக்க வேண்டும் என்கிறது தீர்மானம். என் விருப்பத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார் காந்தி. இரண்டையும் ஒன்றாக வைத்தால் தலைவர் எதைச் செய்தாலும் தப்பு, சும்மா இருந்தாலும் தப்பு. திரிபுரி முடிந்து 48 நாள் இப்படியே ஓடியது. யுத்தம் வாசலில் நிற்கிறது என்று கத்திக்கொண்டிருந்த தலைவரின் கட்சி, இரண்டு மாதத்துக்கு மேல் செயற்குழு இல்லாமல் கிடந்தது.

ஏப்ரல் 29, கல்கத்தாவில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி. போஸ் ராஜினாமாக் கடிதத்தை வாசித்தார். நேரு சமரசம் செய்து பார்த்தார்: ராஜினாமாவைத் திரும்பப் பெறட்டும், பழைய கமிட்டியையே மறுபடி நியமிக்கட்டும். போஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சரோஜினி நாயுடு தலைமை வகித்துக் கூட்டத்தை நடத்த, ராஜேந்திர பிரசாத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனவரியில் ஓட்டுப் போட்ட பிரதிநிதிகளை யாரும் திரும்பக் கேட்கவில்லை. எட்டில் ஒரு பங்கு பேர் கூடி முடித்துவிட்டார்கள்.

மே 3ஆம் தேதி போஸ் பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது தனிக்கட்சி கிடையாது, காங்கிரஸுக்குள்ளேயே ஒரு அணி. காரணம் எளிது. 1937 தேர்தலில் நம் மாகாணத்தில் கட்சிக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. கிராமத்தில் ஆளைத் தெரிகிறதோ இல்லையோ, மஞ்சள் பெட்டியைத் தெரியும். அந்தப் பெட்டியை விட்டுவிட்டு வெளியே போவது யாருக்கும் சுலபமில்லை. 34 வருஷம் கழித்து அதே மதுரை மாவட்டத்தில், அப்போது மாவட்டத்துக்குள் இருந்த திண்டுக்கல்லில், இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. திமுகவின் பொருளாளர் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டு 1972 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, ஒரே வாரத்தில் புதுக்கட்சி தொடங்கினார். 1973 மே மாத இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்து நின்று ஜெயித்தார். பழைய சின்னம் இல்லாமலும் பிழைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் எம்.ஜி.ஆருடையது சினிமாவில் எல்லோருக்கும் தெரிந்த முகம். 1939இல் அந்த வசதி எவருக்கும் இல்லை.

உள்ளேயே இருந்து போராடுவது என்ற முடிவும் நாலு மாதம் தாங்கவில்லை. மாகாணக் கமிட்டி அனுமதியில்லாமல் யாரும் சத்தியாகிரகம் தொடங்கக் கூடாது என்று ஜூனில் பம்பாயில் தீர்மானம் போட்டார்கள். அதை எதிர்த்து ஜூலை 9ஆம் தேதியைக் கண்டன நாளாக போஸ் அறிவித்தார். ஆகஸ்டில் மூன்றாண்டுத் தடை வந்தது. வங்க மாகாணக் கமிட்டித் தலைவர் பதவியும் அதோடு போனது.

அந்த ஜூலை 9க்கு முந்தின நாள்தான் மதுரையில் வைத்தியநாதய்யர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு போனார். அதைச் சட்டத்தால் காப்பாற்றிக் கொடுத்தது ராஜாஜி மந்திரிசபை. அந்தப் பிரவேசத்துக்குத் துணையாக நின்ற முத்துராமலிங்கத் தேவர் இரண்டே மாதத்தில் போஸுக்கு வரவேற்பு வைக்கிறார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. கோயில் விஷயத்தில் ராஜாஜியோடு ஒத்துப்போனவருக்கு, ரேகைச் சட்டத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ஊரில் அதுதான் பெயர். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் கண்ணில் படும்படி சாவடியில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1937இல் மஞ்சள் பெட்டியை நிரப்பிய கிராமங்கள், காங்கிரஸ் மந்திரிசபை வந்ததும் சட்டம் போய்விடும் என்று நம்பின. 1939இல் அந்த மந்திரிசபை போகும்வரை சட்டம் போகவில்லை, 1947இல்தான் போனது. மாகாணக் கமிட்டியும் மந்திரிசபையும் சேர்ந்து வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதைக் கல்கத்தாவிலிருந்து யாரும் வந்து உசிலம்பட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வங்காளத்துக்கு வெளியே பார்வர்டு பிளாக் இங்கே வேர்விட்டதற்கும், உசிலம்பட்டியில் அந்தக் கட்சியின் மூக்கையாத் தேவர் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்ததற்கும், அதன் சிங்கச் சின்னம் 2011 வரைக்கும் சட்டசபைக்குப் போனதற்கும் போஸ் மேல் உள்ள பக்தி மட்டும் காரணமில்லை.

ஓட்டைப் படகைப் பற்றிப் பேசியவருக்கு என்ன ஆனது என்பதையும் மதுரையிலிருந்தே சொல்லிவிடலாம். முஸ்லிம் லீகின் தனிநாட்டுக் கோரிக்கையை ஒத்துக்கொண்டு சமரசத்துக்குப் போக வேண்டும் என்று 1942 ஏப்ரலில் ராஜாஜி வாதாடினார். அலகாபாத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 120க்கு 15 என்று தள்ளியது. காரியக் கமிட்டியை விட்டார், ஜூலையில் காங்கிரஸையே விட்டார், சட்டசபை இடத்தையும் விட்டார். 1945இல் திரும்பி வரப் பார்த்தபோது, அக்டோபர் கடைசியில் திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரஸ் ஊழியர் மாநாடு அவர் மறுபடி தலைமைக்கு வருவதை எதிர்த்தது. மாகாணக் கமிட்டித் தலைவர் காமராஜ். 1946 பிப்ரவரி தொடக்கத்தில் காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்து சாமி கும்பிட்டுப் போனார். போனதும் ‘ஹரிஜன்’ பத்திரிகையில், ராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கும்பல் வேலை செய்கிறது என்று எழுதினார். காமராஜ் புண்பட்டு ராஜினாமா செய்தார், பார்லிமெண்டரி போர்டிலிருந்து. மாகாணக் கமிட்டித் தலைவர் பதவியை விடவில்லை. கமிட்டியில் பெரும்பான்மை அவரிடம் இருந்தது. அந்த ஏப்ரலில் சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தலில் ராஜாஜி வரவில்லை, பிரகாசம் வந்தார்.